பின்னணி இசை: அசல் பதிவையும் மறுபதிவையும் எப்படி ஒப்பிடுவது?

பழைய ஹாலிவுட் படம் ஒன்றின் பின்னணி இசையைத் தேடினால், ஒரே பெயரில் மூன்று நான்கு ஆல்பங்கள் வந்து நிற்கும். ஒன்றில் ஒலி மங்கலாக, சற்று இரைச்சலோடு இருக்கும். இன்னொன்று பளிச்சென்று கேட்கும். ஆனால் படத்தில் இருந்த வேகம் இருக்காது. மூன்றாவதில் படத்தில் வராத ஒரு பகுதியே இருக்கும். உடனே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ‘அசலுக்கு ஈடு உண்டா?’ என்பது ஒரு கட்சி. ‘இந்த இரைச்சலை யார் கேட்பது?’ என்பது மறு கட்சி.

இந்தச் சண்டையில் பாதி, பெயர்க் குழப்பத்தால் வருவது. மீதிப் பாதி, ஒலிநாடாவின் குறையை வாசித்தவர் தலையிலும், வாசித்தவரின் குறையை ஒலிநாடா மீதும் போடுவதால் வருவது. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் எந்த ஆல்பத்தையும் நிதானமாக எடைபோடலாம்.

ஒரு சொல், மூன்று பொருள்

தமிழ்த் திரையுலகில் ‘ரீ-ரெக்கார்டிங்’ என்றால் படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் வேலை. ‘ரீ’ என்று தொடங்கினாலும் அங்கே எதையும் இரண்டாம் முறை வாசிப்பதில்லை. இசை பிறப்பதே அப்போதுதான். ஹாலிவுட் படங்களின் பெயர்ப்பட்டியலில் வரும் ‘ரீ-ரெக்கார்டிங் மிக்ஸர்’ வேறு ஆள். வசனம், இசை, மற்ற ஓசைகள் மூன்றையும் சேர்த்து இறுதிக் கலவை செய்பவர் அவர்.

ஆல்பம் சேகரிப்பவர்கள் சொல்லும் ரீ-ரெக்கார்டிங் மூன்றாவது வகை. படத்துக்காக ஏற்கெனவே ஒருமுறை பதிவான இசையை, வேறொரு நாளில், பெரும்பாலும் வேறொரு ஆர்கெஸ்ட்ராவை வைத்து, முதலிலிருந்து வாசித்துப் பதிவது. இந்தக் கட்டுரையில் இதை மறுபதிவு என்போம். படத்துக்காகவே வாசித்துப் பதிந்தது அசல் பதிவு.

புகைப்படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

ஒருவரின் பழைய புகைப்பட நெகட்டிவ் உங்களிடம் இருக்கிறது. அதைத் துடைத்துச் சுத்தம் செய்து, நல்ல தாளில் புதிதாகப் பிரதி எடுக்கிறீர்கள். முகம் அதே முகம், நொடியும் அதே நொடி. இசையில் இதற்கு ரீமாஸ்டர் என்று பெயர்: பழைய பதிவையே எடுத்து, இரைச்சல் குறைத்து, ஒலியளவையும் தொனியையும் சரிசெய்து வெளியிடுவது.

அதே ஆளை அதே இடத்தில் நிற்கவைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்தால் அது மறுபதிவு. தெளிவு கூடும். ஆனால் ஆள் அன்று நின்ற நிலை, அன்றைய வெளிச்சம் இரண்டும் திரும்பி வராது.

இரண்டுக்கும் நடுவே ரீமிக்ஸ் இருக்கிறது. பல தடங்களில் தனித்தனியாகப் பதிவான பழைய ஒலியை எடுத்து, வயலின் இவ்வளவு, டிரம்பெட் இவ்வளவு என்று அளவுகளை மாற்றிக் கலப்பது. வாசிப்பு பழையது, கலவை புதியது. பாடல்களுக்குத் தாளம் சேர்த்து வரும் ‘ரீமிக்ஸ்’ இதுவல்ல.

சுருக்கமாக: ரீமாஸ்டரிலும் ரீமிக்ஸிலும் இசைக்கலைஞர்கள் திரும்ப வருவதில்லை. மறுபதிவில் வருகிறார்கள்.

அட்டவணைக்கு ஓடும் வண்டி

அசல் பதிவு ஏன் அப்படி ஒலிக்கிறது என்று புரிய, அது எந்த நிபந்தனையில் பிறந்தது என்று தெரிய வேண்டும். நேர அட்டவணைப்படி வண்டி ஓட்டும் ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நிறுத்தத்துக்கு 9:42, அடுத்ததற்கு 9:47. சாலை காலியாக இருந்தாலும் முந்தக் கூடாது. நெரிசலானாலும் பிந்தக் கூடாது. படத்துக்கு இசை நடத்துபவரின் நிலையும் அதேதான். கதவு திறக்கும் நொடியில் தாளம் விழ வேண்டும். முகம் திரும்பும் நொடியில் இசை அடங்க வேண்டும்.

இதற்கு இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று க்ளிக் ட்ராக்: இசைக்கலைஞர்களின் ஹெட்ஃபோனில் சீராக விழும் ‘டக் டக்’ ஒலி. ஃபிலிம் காலத்தில் இதன் வேகத்தை ஃப்ரேம் கணக்கில் சொல்வார்கள். படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது, நிமிடத்துக்கு 1,440. 12 ஃப்ரேமுக்கு ஒரு க்ளிக் என்றால் நிமிடத்துக்கு 120 தாள அடி. 12 ஃப்ரேமோடு இன்னும் அரை ஃப்ரேம் சேர்த்தால் 115.2 அடி. ஒரு ஃப்ரேமை எட்டாகப் பங்கிட்டுக்கூட வேகம் குறித்தார்கள். அதனால்தான் சில பின்னணி இசையின் வேகம் வழக்கமான மெட்ரனோம் எண்களில் அடங்காமல் விசித்திரமாக இருக்கும்.

மற்றொன்று ஸ்ட்ரீமர். திரையின் குறுக்கே இடமிருந்து வலமாக ஒரு கோடு நகர்ந்து வரும். அது விளிம்பைத் தொட்டதும் ஒரு வெளிச்சப் புள்ளி மின்னும். அந்த மின்னலில்தான் குறிப்பிட்ட அடி விழ வேண்டும். 3 அடி நீள ஃபிலிமில் கீறிய கோடு என்றால் 48 ஃப்ரேம், அதாவது 2 நொடி முன்னெச்சரிக்கை. க்ளிக்கைப் போல இது ஒவ்வொரு அடியையும் கட்டிப்போடுவதில்லை. சேர வேண்டிய இடத்தை மட்டும் சொல்கிறது. நடுவில் நெளிந்து வளைய இசை நடத்துநருக்கு இடம் உண்டு.

மறுபதிவில் பெரும்பாலும் திரையே இருக்காது. அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டலாம். ஒரு மெட்டு முடியும் இடத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். உச்சத்துக்குப் போகும்போது சற்று இழுக்கலாம். இசையாகக் கேட்க அது பல நேரம் நன்றாக இருக்கும். ஆனால் படத்தோடு ஒட்டிப் பழகிய காதுக்கு அந்தப் பதைப்பு போய்விட்டதாகத் தோன்றும். பதைப்பில் ஒரு பங்கு, அட்டவணையைத் தவறவிடக் கூடாது என்ற கட்டாயத்திலிருந்து வந்ததுதான்.

இதற்கு ஒரு தலைகீழ் உதாரணம், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 1982 படமான ‘இ.டி.’யின் இறுதிக் காட்சி. படத்தோடு பொருத்தி நடத்தும்போது இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸுக்கு வாசிப்பு சரியாக அமையவில்லை. திரையை அணைத்துவிட்டு இசையரங்கில் நடத்துவதுபோல நடத்தும்படி ஸ்பீல்பெர்க் சொன்னார். பிறகு அந்த இசைக்கு ஏற்பப் படத்தின் வெட்டுகளை மாற்றினார். அசல் பதிவு என்றாலே கட்டுண்ட வாசிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது போதும்.

நல்ல பதிவு இருக்கும்போது ஏன் திரும்ப வாசிக்கிறார்கள்?

முதல் காரணம் பணம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப்படி, படத்துக்காக வாசித்ததை ஆல்பமாக வெளியிட்டால் வாசித்தவர்களுக்கு மறுபடி ஊதியம் தர வேண்டும். நூறு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா என்றால் அது சின்னத் தொகை இல்லை. 1980, 90-களின் பல ஆல்பங்கள் 30 நிமிடத்தோடு முடிந்துபோனதற்கும் இதுதான் காரணம். லண்டன், ஸ்காட்லாந்து, ப்ராக், மாஸ்கோ போன்ற இடங்களில் புதிதாகப் பதிவது மலிவாக வந்தது.

இரண்டாவது, அசல் அழிந்துபோவது. 1940-களின் இறுதிவரை ஹாலிவுட்டில் இசையை ஆப்டிகல் முறையில்தான் பதிந்தார்கள்: ஒலியின் அதிர்வு, ஃபிலிம் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதியும். 1950-ஐ ஒட்டிக் காந்த ஃபிலிம் வந்தது. ஒலி பெரிதும் மேம்பட்டது. ஆனால் அசிடேட் அடித்தளம் கொண்ட காந்த ஃபிலிம் பழசாகும்போது வினிகர் வாடை அடிக்கத் தொடங்கும். பிறகு சுருங்கும், நெளியும். நெளிந்த ஃபிலிம் ஒலித்தலையோடு சீராக ஒட்டாது. அதனால் சுருதி தள்ளாடும், இடையிடையே ஒலி விழும். எந்த ரீமாஸ்டராலும் இதை முழுவதும் மீட்க முடியாது.

மூன்றாவது, அசல் முதலிலிருந்தே ஒரு சீராக இல்லாமல் இருப்பது. பெர்னார்ட் ஹெர்மன் இசையமைத்த ‘வெர்டிகோ’ (1958) இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் இசைக்கலைஞர் வேலைநிறுத்தம் நடந்ததால், மியூர் மேத்திசன் நடத்த லண்டனில் பதிவைத் தொடங்கினார்கள். அங்குள்ள கலைஞர்களும் ஆதரவாக விலகிக்கொள்ள, மீதியை வியன்னாவில் முடித்தார்கள். லண்டன் பகுதி ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்), வியன்னா பகுதி மோனோ (ஒரே தடம்). ஒரே படத்தின் இசைக்கு இரண்டு ஊர், இரண்டு ஆர்கெஸ்ட்ரா, இரண்டு வகை ஒலி. ஜோயல் மெக்நீலி நடத்த ராயல் ஸ்காட்டிஷ் தேசிய ஆர்கெஸ்ட்ரா 1990-களில் செய்த மறுபதிவில்தான் முழு இசையையும் ஒரே அறையின் ஒலியில் கேட்க முடிந்தது.

ஆல்பத்துக்கென்றே செய்த மறுபதிவு

மறுபதிவு என்றால் பல ஆண்டு கழித்து வருவது என்று நினைப்பதுதான் மிகப் பெரிய குழப்பம். பல படங்களில், படம் வெளியான அதே சமயத்தில் கடைக்கு வந்த எல்பி தட்டே மறுபதிவுதான்.

1975-இல் வந்த ‘ஜாஸ்’ எல்பியில் இருப்பது படத்தில் கேட்கும் பதிவு கிடையாது. ஜான் வில்லியம்ஸ் ஆல்பத்துக்காக மாற்றியமைத்துத் தனியாகப் பதிந்தது. படத்துக்கான பதிவு ஆல்பமாக வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இசையமைப்பாளர் ஹென்றி மான்சினி தன் படங்களின் ஆல்பங்களை வீட்டில் கேட்க ஏற்றவாறு மெட்டுகளை நீட்டி, சுருக்கி, மறுபடி வாசித்து வெளியிடுவதையே வழக்கமாக வைத்திருந்தார்.

‘பென்-ஹர்’ (1959) இன்னும் சுவையானது. படத்தில் ஒலிப்பது இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஷா நடத்திய எம்ஜிஎம் ஸ்டுடியோ ஆர்கெஸ்ட்ரா. படத்தோடு விற்ற எல்பியிலோ கார்லோ சவினா நடத்திய ரோம் ஆர்கெஸ்ட்ரா. 1977-இல் ரோஷாவே லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்தி இன்னொரு பதிவு செய்தார். படத்துக்கான பதிவுகள் விரிவாக ஐந்து சிடித் தொகுப்பாக 2012-இல்தான் வந்தன. ‘பென்-ஹர் அசல் ஆல்பம் என்னிடம் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், எந்த அசல் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அட்டையில் ‘ஒரிஜினல் மோஷன் பிக்சர் சவுண்ட்ட்ராக்’ என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது விற்பனைச் சொல். உள்ளே இருக்கும் கையேட்டில் ஆர்கெஸ்ட்ராவின் பெயர், பதிவு செய்த தேதி, இடம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பதிவுத் தேதி படம் வெளியான நாளுக்குப் பின் என்றால் பேச்சே இல்லை, மறுபதிவு. தேதி முந்தையதாக இருந்தாலும் ஊரும் ஆர்கெஸ்ட்ராவும் படத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

நான்கு அடுக்குகள்

காதில் விழும் ஒலியை நான்கு அடுக்காகப் பிரிக்கலாம். எழுத்து, வாசிப்பு, பிடிப்பு, பிரதி. எந்த வித்தியாசம் கேட்டாலும் அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொள்வதுதான் ஒப்பீட்டின் அடிப்படை.

எழுத்து என்பது இசைத்தாளில் உள்ள சுரங்கள். இரண்டு பதிவிலும் இது ஒன்றுதான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல நேரம் அப்படி இருப்பதில்லை. ஒரு காட்சிக்கான தனி இசைத்துண்டுக்கு க்யூ என்று பெயர். ‘5எம்2’ என்று குறித்திருந்தால் ஐந்தாம் ரீலில் இரண்டாம் இசைத்துண்டு. பதிவான பிறகு படத்தொகுப்பில் க்யூவை வெட்டுவார்கள், திரும்ப ஓடவிடுவார்கள், வேறு காட்சிக்கே நகர்த்துவார்கள். ‘ஏலியன்’ (1979) படத்தில் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் க்யூக்கள் இடம் மாறியதோடு, அவர் இசையமைத்த 1962 படமான ‘ஃப்ராய்ட்’டின் இசைத்துண்டுகளும் நுழைந்தன. மறுபதிவோ வழக்கமாக எழுதிய தாளைப் பின்பற்றும். ‘படத்தில் இது இரண்டு முறை வருமே, இவர்கள் ஒரு முறைதானே வாசிக்கிறார்கள்’ என்றால் தவறு வாசித்தவர்களுடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு.

தாளே இல்லாமல் போவதும் உண்டு. எம்ஜிஎம் தன் இசைத்தாள் நூலகத்தைக் குப்பை மேட்டில் கொட்டியது. எஞ்சியவற்றில் முக்கியமானவை நடத்துநருக்கான சுருக்கத் தாள்கள்: எண்பது வாத்தியத்துக்கான இசையை மூன்று நான்கு வரியில் அடக்கியவை. பிரிட்டிஷ் இசை நடத்துநர் ஜான் வில்சன் அவற்றையும் படத்தின் ஒலியையும் வைத்து, வாத்தியம் வாத்தியமாகக் காதால் கேட்டு எழுதி, எம்ஜிஎம் இசைப்படங்களின் முழுத் தாள்களை மீட்டெடுத்தார். இத்தகைய மீட்பில் வசனம் உரக்க ஒலிக்கும் இடங்களில் இரண்டாம் கிளாரினெட் என்ன வாசித்தது என்பது ஊகமாகத்தான் இருக்கும்.

வாசிப்பு என்பது ஆட்களும் நடத்துநரும். 1958 வேலைநிறுத்தம் வரை பெரிய ஸ்டுடியோக்கள் மாதச் சம்பளத்தில் தங்களுக்கென்றே ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தன. அதே ஆட்கள், அதே அறை, ஆண்டுக்கணக்கில். அவர்களின் வயலின் ஒலியில் ஒரு தனி அதிர்வும் இழைவும் இருந்தன. இன்றைய பாணி அதைவிடத் தூய்மையானது, சற்றுக் குளிர்ந்தது. இதை எந்த மைக்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வாத்தியங்களும் சிக்கல்தான். 1951-இன் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்துக்கு ஹெர்மன் இரண்டு தெரமின்கள் கேட்டார். தொடாமல், காற்றில் கையசைத்து வாசிக்கும் மின்வாத்தியம் அது. சுருதி தவறாமல் அதை வாசிப்பவர்கள் அரிது.

பிடிப்பு: அறையும் மைக்கும்

மூன்றாம் அடுக்கு சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. பெரும்பாலான தவறான தீர்ப்புகள் இங்கேதான் பிறக்கின்றன.

ஓர் அறையில் ஒலி நின்ற பிறகு அது அடங்க, அதாவது 60 டெசிபல் குறைய, எடுக்கும் நேரத்துக்கு எதிரொலி நேரம் என்று பெயர். நல்ல இசையரங்கில் இது 2 நொடியை ஒட்டி இருக்கும். ஹாலிவுட்டின் பழைய பதிவுக் கூடங்கள் பல இதைவிட வறண்டவை. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் அடிக்கு இரண்டு சுரம் என்றால் ஒரு சுரம் கால் நொடி. 2 நொடி எதிரொலியில் எட்டுச் சுரங்களின் வால் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். வறண்ட கூடத்தில் கத்தியால் கீறியதுபோல் கேட்ட வயலின் வரிசை, அரங்கில் குழைந்துபோகும். அதைத் தெளிவாக்க நடத்துநர் தன்னையறியாமலே வேகத்தைக் குறைப்பதும் உண்டு. கேட்பவர் ‘ஆர்கெஸ்ட்ராவுக்குத் தெம்பில்லை’ என்கிறார், குற்றவாளி சுவர்.

இன்னொன்று மைக் வைக்கும் முறை. பின்னணி இசை எழுதுபவர்களுக்கு மைக்கும் ஒரு வாத்தியம். ஆல்டோ புல்லாங்குழலின் கீழ்ஸ்தாயி ஒலி இயல்பில் மிக மெல்லியது. பின்னால் ஆறு ஹார்ன் ஒலித்தால் அரங்கில் அது காணாமல் போகும். புல்லாங்குழலுக்கு ஒரு மைக்கை நெருக்கி வைத்து அளவை ஏற்றினால் ஹார்ன்களுக்கு மேல் அது மிதக்கும். அசலில் அப்படிச் செய்திருக்க, மறுபதிவுக் குழு அரங்கின் கூரைக்கருகே சில மைக்கை மட்டும் தொங்கவிட்டுப் பதிந்தால் அந்த மெட்டு புதைந்துவிடும். தாளில் எழுதியதையே வாசித்தாலும் இசை வேறாகிவிடுகிறது. மறுபதிவு கேட்கும்போது முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. சிம்பல் எவ்வளவு பளபளக்கிறது என்பதெல்லாம் பிறகு.

ஆனால் நெருக்க மைக்குகளும் நல்ல அறையும் சேர்ந்தால் மறுபதிவு அசலையே திறந்து காட்டும். 1972-இல் தொடங்கி சார்ல்ஸ் கெர்ஹார்ட் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் நேஷனல் ஃபில்ஹார்மோனிக்கை வைத்துச் செய்த பழைய ஹாலிவுட் இசை வரிசை அப்படிப்பட்டது. மங்கிய மோனோவில் மட்டும் கேட்டிருந்த இசையில் மெட்டுக்கு அடியில் ஓடும் உள்வரிகள் எத்தனை இருந்தன என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

பிரதி: ஒலி கைமாறும்போது

நான்காம் அடுக்கு, பதிவானது உங்கள் காதுக்கு வந்து சேரும் வழி. பழைய மோனோ படங்களின் திரையரங்குப் பிரதியில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. சிம்பலின் மினுக்கமும் வயலினின் மேல் ஒலிகளும் இருப்பது அதற்கு மேலேதான். இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கூடுதலாக ஓட்டினால் மிச்சமிருந்ததும் போய், ஆர்கெஸ்ட்ரா தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல் கேட்கும்.

வேகம் இதைவிட நயமாக ஏமாற்றும். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை, பால் (PAL) முறைத் தொலைக்காட்சிக்கும் டிவிடிக்கும் 25 ஃப்ரேமில் ஓட்டுவார்கள். விளைவு: 4.17 சதவீதம் வேகம் கூடும். 60 நிமிடம் 57 நிமிடம் 36 நொடியாகும். சுருதியைத் தனியாகத் திருத்தாவிட்டால் இசை முக்கால் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். இந்த டிவிடியைக் கேட்டுப் பழகியவர், சரியான வேகத்தில் வாசித்த மறுபதிவைக் கேட்டு ‘மந்தம், சுருதியும் இறங்கியிருக்கிறது’ என்பார். மறுபதிவு ஒரு பாவமும் செய்யவில்லை. அமெரிக்க முறையில் வரும் 23.976 ஃப்ரேம் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான், காதுக்குத் தெரியாது. இரண்டு பதிவையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் மட்டும் 10 நிமிடத்தில் 0.6 நொடி விலகும்.

இதுவரை சொன்னதன் சாரம்: எழுத்து தாளைச் சேர்ந்தது, வாசிப்பு ஆளைச் சேர்ந்தது, பிடிப்பு அறையையும் மைக்கையும் சேர்ந்தது, பிரதி நாடாவையும் தட்டையும் கணினிக் கோப்பையும் சேர்ந்தது.

கையோடு ஒப்பிட்டுப் பார்க்க

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். முழு ஆல்பத்தையும் எடுக்க வேண்டாம். இரண்டு பதிவிலும் ஒரே சுரங்கள் உள்ள 60 முதல் 90 நொடிப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் வெட்டோ திரும்ப ஓடவிட்டதோ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1. சுருதியைப் பாருங்கள். நீண்டு நிற்கும் ஒரு சுரத்தை ட்யூனர் செயலியில் இரண்டு பதிவிலும் அளந்து பாருங்கள். ஓர் அரைச்சுரம் 100 சென்ட். வித்தியாசம் சில சென்ட் என்றால் ஆர்கெஸ்ட்ரா சுருதி சேர்த்த விதம், விட்டுவிடலாம். 70 சென்ட்டை ஒட்டி இருந்தால் அது 25 ஃப்ரேம் கோளாறு. வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியில் 0.96 என்று கொடுத்தால் சரியாகிவிடும். சுருதியை விட்டு வேகத்தை மட்டும் மாற்றும் வசதியை இதற்குத் தொடாதீர்கள்.

2. ஒலியளவைச் சமமாக்குங்கள். இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். ஒரே பதிவை 1 டெசிபல் கூட்டி வைத்தாலே காது அதை ‘தெளிவு’, ‘உயிர்ப்பு’ என்று எடுத்துக்கொள்ளும். சத்தம் கூடியதாகவே தெரியாது. லௌட்னஸ் நார்மலைசேஷன் என்ற வசதியில் இரண்டையும் -23 எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவாருங்கள். எல்யூஎஃப்எஸ் என்பது காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு. எப்போதும் சத்தமானதைக் குறையுங்கள். மெல்லியதை ஏற்றினால் உச்சங்கள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும்.

3. ஒன்று மோனோ, மற்றது ஸ்டீரியோ என்றால், வாசிப்பை ஒப்பிடும் சுற்றுக்கு மட்டும் ஸ்டீரியோவையும் மோனோவாக்குங்கள். அகலம் தரும் மயக்கம் விலகும்.

4. வேகத்தை எண்ணால் அறியுங்கள். நான்கு அடித் தாளத்தில் 16 சுற்று என்றால் 64 அடி. 64-ஐ 60-ஆல் பெருக்கினால் 3,840. அந்தப் பகுதிக்கு ஆகும் நொடியால் 3,840-ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வரும். 32 நொடி என்றால் 120. 36 நொடி என்றால் 106.7. ‘ரொம்ப மெதுவாக இருக்கிறது’ என்று தோன்றிய பதிவு எண்ணிப் பார்த்தால் அதே வேகமாக இருப்பது அடிக்கடி நடக்கும். அப்போது காரணத்தை எதிரொலியில் தேடுங்கள்.

5. யாரையாவது மாற்றி மாற்றி ஓடவிடச் சொல்லி, எது எதுவென்று தெரியாமல் கேளுங்கள். ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முதல் சுற்றில் தாழ்ந்த வாத்தியங்கள், அடுத்ததில் மெட்டு எவ்வளவு மேலே நிற்கிறது, அடுத்ததில் உச்சத்துக்குப் போகும் வேகம்.

சின்தசைசர் அதிகம் உள்ள இசையில் இந்த முறை பாதிதான் பலிக்கும். அன்றைய கருவியில் அன்று அமைத்த ஒலி இல்லாதபோது மறுபதிவு வேறு வண்ணத்தில் வரைந்த அதே கோட்டோவியம் ஆகிவிடும்.

இசையமைப்பாளரே நடத்தினால் அதுதான் கடைசிச் சொல்லா?

இல்லை. ‘சைக்கோ’ (1960) இசையை ஹெர்மன் தான் மறைந்த 1975-ஆம் ஆண்டில் லண்டனில் தானே நடத்தி மறுபதிவு செய்தார். எழுதியவர் அவரே, நடத்தியவர் அவரே, தாளும் அதுவே. ஆனால் படத்தில் இருப்பதைவிடத் தெளிவாகவே மெதுவானது. திரை இல்லை, பதினைந்து ஆண்டு கடந்துவிட்டது, இப்போது அவருக்கு அது இசையரங்குப் படைப்பு. பின்னால் வந்த மெக்நீலியின் பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், படத்தின் நெருக்கடிக்கு யார் அருகில் என்ற கேள்விக்கும், ஹெர்மன் கடைசியில் அதை எப்படிக் கேட்க விரும்பினார் என்ற கேள்விக்கும் வேறு வேறு பதில்தான் வரும்.

இதைவிட விநோதமானது ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’. அதற்காக அலெக்ஸ் நார்த் எழுதி 1968-இல் பதிவும் செய்த இசையைப் படத்தில் சேர்க்கவே இல்லை. நார்த்தின் நண்பர் கோல்ட்ஸ்மித் 1993-இல் அதை நேஷனல் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து மறுபதிவு செய்து வெளியிட்டார். நார்த் காலத்து மோனோ பதிவு 2007-இல்தான் ஆல்பமாக வந்தது. இங்கே மறுபதிவு முதலில், அசல் 14 ஆண்டு கழித்து. அந்த இடைக்காலத்தில் இந்த இசையைப் பழகியவர்களுக்கு கோல்ட்ஸ்மித்தின் வேகமே ‘சரியான’ வேகம். நார்த்தின் பதிவு விலகலாகக் கேட்கும். மற்ற படங்களில் நமக்கு நேர்வதும் இதேதான், வரிசை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறது. ஆகவே ஒப்பிடத் தொடங்குமுன் உங்களுக்குப் பழக்கமில்லாத பதிவை மட்டும் நான்கைந்து முறை, சில நாள் இடைவெளி விட்டுக் கேளுங்கள். பழகியதைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.